வெண்பனியின் உறுதியும் பனிச்சரிவின் இடரும்

தமிழிற் பனி என்னும் சொல் பல பொருள்களைத் தழுவி நிற்பது. விடியற்காலையிற் புல் நுனியிலே தங்கும் நீர்த்துளியும் பனி. மார்கழி மாதத்து வயல்வெளியை மறைக்கும் மூட்டமும் பனி. இமயத்தின் முடியிலே நிலைத்திருப்பதும் பனி. வெண்பனி வீழாத நாட்டிலே வழங்கும் மொழிக்கு இவற்றைப் பிரித்துரைக்க வேண்டிய தேவை பெரிதும் நேர்ந்ததில்லை. அல்ப்ஸ் மலைவாழ்நரின் நிலைமை வேறு. வானினின்று பளிங்குத் துகள்களாக வீழ்ந்து நிலத்திற் படியும் வெண்பனி ஒன்றே அவர்க்குப் பல பொருளாகும். நேற்றிரவு வீழ்ந்தது வேறு. காற்றால் அள்ளுண்டு மறுபுறத்திற் குவிந்தது வேறு. ஒரு திங்களுக்கு முன் வீழ்ந்து, அடியிற் கிடந்து, வடிவு திரிந்தது வேறு. இவ்வேறுபாடுகளை அறிதல் அவர்க்கு வெறும் கல்வியன்று; உயிரோடு இயைந்த அறிவாகும்.

அல்ப்ஸ் மலையிலும் வட அமெரிக்க மலைகளிலும் பனிச்சறுக்கு இருவகையாகப் பயிலப்படுகின்றது. கம்பிவடத்தில் இயங்கும் ஊர்திகளால் மேலே சென்று, சமன்செய்யப்பட்ட பாதைகளிற் சறுக்கி இறங்குவது ஒன்று. அங்கே காவற் பணியாளர் ஐயத்துக்கிடமான சரிவுகளில் வெடிமருந்தை வெடிக்கச்செய்து, வீழக்கூடிய பனியை மக்கள் வருமுன்னரே வீழ்த்திவிடுவர். மற்றையது அவ்வெல்லைக்கு அப்பாற் சென்று, தம் கால்வலியால் மலையேறி, எவரும் தொடாத பனியில் இறங்குவது. ஏறும்போது சறுக்குப்பலகைகளின் அடியில் மயிருடைய பட்டிகளை ஒட்டிக்கொள்வர். மயிர் ஒருபுறமாகச் சாய்ந்திருத்தலாற் பலகை முன்னோக்கி வழுக்கும், பின்னோக்கி வழுக்காது. முற்காலத்திற் கடல்நாயின் தோலே இதற்குப் பயன்பட்டது. இன்று ஆட்டுமயிராலும் நைலோனாலும் நெய்யப்பட்ட பட்டிகள் பயன்படுகின்றன.

இவ்விரண்டாம் வகையினர் செல்லுமிடத்திற் சரிவைச் சோதித்து வைப்பார் எவருமிலர். நில்லாது வீழுமா, நிற்குமா என்பதை அவரே அறிந்து முடிவுசெய்தல் வேண்டும். இங்கே கருதத்தக்க உண்மையொன்று உண்டு. பொழுதுபோக்காக மலைக்குச் சென்று பனிச்சரிவில் மடிந்தோரைப் பற்றிய விபத்துக்களைத் தொகுத்து நோக்கின், ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் அச்சரிவை இயக்கிவிட்டவர் மடிந்தவரோ அவருடன் சென்றவரோ ஆவர். பூகம்பம் போன்று அறியாப் பொழுதில் தானே வந்து தாக்கும் இடரன்று இது. மனிதனின் காலடியே பெரும்பாலும் அதனை எழுப்புகின்றது. ஆகவே இடரை மதிப்பிடும் திறமையே இங்கு உயிர்க்காவல்.

பனிச்சரிவுகள் பலவகைப்படினும் அவற்றுள் இரண்டு இங்கே வேண்டப்படுவன. ஒன்று தளர்பனிச் சரிவு. மணற்குவியலின் உச்சியிற் கைவைத்தால் ஒரு புள்ளியிலே தொடங்கிக் கீழ்நோக்கி விரிந்து சரிவது போல்வது அது. பெரும்பாலும் அதிற் பேரிடர் இல்லை. மற்றையது பாளச் சரிவு. சாய்ந்த பலகையொன்றின்மீது உழுத்தம்பருப்பைப் பரப்பி அதன்மேல் அகன்ற கண்ணாடித் தட்டொன்றை வைத்தாற்போல, இறுகிய பனிப்பாளம் ஒன்று நலிந்த படையொன்றின்மேல் அமர்ந்திருக்கும். அந்நலிந்த படை முறிந்தவுடன் பாளம் முழுவதும் ஒருங்கே கழன்று, கண்ணாடிபோற் பிளந்து, துண்டுதுண்டாகக் கீழிறங்கும். மனிதன் இயக்கும் சரிவொன்று ஏறத்தாழ 50 மீற்றர் அகலமும் அரை மீற்றர் தடிப்பும் உடையதாயிருத்தல் வழக்கம். இவ்வளவைச் சிறிதென்று எண்ணுதல் கூடாது. 80 மீற்றர் நீளத்துக்கு அத்தகைய பாளம் கழன்றால் அதன் கனவளவு 2000 கனமீற்றராகும். ஒரு கனமீற்றர் பனியின் நிறை 200 கிலோகிறாம் எனக் கொள்ளினும் 400 தொன் நிறையுடைய பொருள் மலையினின்று இறங்குகின்றது. சறுக்குபவன் அதன் விளிம்பில் நிற்பவனல்லன்; பெரும்பாலும் அதன் நடுவிலே நிற்பவன்.

நலிந்த படை எங்ஙனம் உண்டாகின்றது? இவ்வினாவுக்கு விடைகாண முயன்றோருள் முதன்மையானோர் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரத்து ஆய்வாளர். அந்நகருக்கு மேலேயுள்ள வைஸ்புளூயொக் என்னும் கணவாயில், 2600 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், 1936ஆம் ஆண்டளவில் அவர்கள் பனியை ஆராயத் தொடங்கினர். 1942இல் அம்முயற்சி பனிக்கும் பனிச்சரிவுக்குமான நிறுவனமாக நிலைபெற்றது. பனி வீழ்ந்தபின் அவ்வண்ணமே கிடப்பதில்லை, இடையறாது உருமாறுகின்றது என்பதே அவர் நிறுவிய அடிப்படை.

அவ்வுருமாற்றத்தின் காரணம் எளிதில் விளங்குவது. பனிப்போர்வையின் கீழுள்ள நிலம், போர்வை வெப்பத்தைக் காத்தலால், ஏறக்குறைய 0 பாகை வெப்பநிலையில் இருக்கும். மேலேயுள்ள வளியோ 15 பாகை, 20 பாகை உறைநிலைக்குக் கீழ் இருத்தல் கூடும். இடையே ஒரு வெப்பநிலைப் படித்திறன் அமைகின்றது. வெம்மையான அடிப்பகுதியில் பனிமணிகள் உருகாமலே ஆவியாகின்றன. அவ்வாவி மேலெழுந்து குளிர்ந்த மணிகளிற் படிந்து உறைகின்றது. பத்துச் சதமமீற்றருக்கு ஒரு பாகை என்னும் அளவை இப்படித்திறன் விஞ்சும்போது, மணிகளை ஒன்றோடொன்று பிணைத்த கழுத்துக்கள் நலிந்து, அவை கூரிய விளிம்பும் தட்டை முகமும் உடையனவாய் வளர்கின்றன. கையில் எடுத்தால் சீனிபோல உதிரும், உருட்டினால் உருளாது. போர்வை தடிப்பாயின் வெப்பநிலை வேறுபாடு நீண்ட தொலைவிற் பரவிப் படித்திறன் குறைகின்றது. மணிகள் உருண்டு பிணைகின்றன. மெல்லியதாயின் படித்திறன் மிகுகின்றது. எனவே பனி குறைவாக வீழ்ந்த மாரி இடரும் குறைந்த மாரி என எண்ணுதல் தவறு. முன்மாரியிற் சிறிது பனி வீழ்ந்து, பல கிழமை தெளிந்த வானமும் கடுங்குளிரும் நிலவி, அதன்பின் பெரும்பனி வீழுமாயின், அம்மாரியே அஞ்சத்தக்கது. அடியில் உண்டான நலிவு சிலவேளைகளில் திங்கட்கணக்காக மாறாதிருக்கும்.

நலிந்த படைக்குப் பிறிதோர் ஊற்றும் உண்டு. முகிலற்ற இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானுக்கு விடுத்துப் பெரிதும் குளிர்கின்றது; வளியிலுள்ள ஆவி அதன்மீது இறகுபோன்ற பளிங்குகளாகப் படிகின்றது. புல்நுனியிற் பனித்துளி தோன்றும் அதே முறைதான். துளிக்குப் பதிலாகப் பளிங்கு தோன்றுகின்றது என்பதே வேறுபாடு. காலைக் கதிரவனில் இவை ஒளிர்வதைக் காண்போர் மலைக்காட்சிகளுள் இதனினும் அழகியது இல்லையென்பர். ஆயினும் மறுநாட் புதுப்பனி இவற்றை நொறுக்காது மூடிவிடின், ஒரு சதமமீற்றர்தானும் தடிப்பில்லாத இப்படை பெரும் பாளமொன்றைத் தாங்கும் சீட்டுக்கட்டு வீடாகிவிடுகின்றது. மேலிருந்து நோக்குவார்க்கு அதன் சுவடும் தெரியாது.

முறிவு பரவும் முறையும் அறியத்தக்கது. சறுக்குபவனின் நிறை பாளத்தின் ஊடே கீழிறங்கி நலிந்த படையின் ஒரு சிறு பகுதியை நொறுக்குகின்றது. நொறுங்கிய இடத்திற் பாளம் சிறிது தாழ்கின்றது. தாழ்ந்து வளையும்போது அருகிலுள்ள பகுதியையும் நொறுக்குகின்றது. இங்ஙனம் முறிவு ஓர் அலைபோல ஓடுகின்றது. இதனாலேயே சமநிலத்தில் நிற்பவன், தனக்கு மேலுள்ள சரிவைத் தொடாமலே அதனைத் தன்மேல் வீழ்த்திக்கொள்ளுதல் கூடும். காலடியில் 'வூம்' என்று ஓர் அடங்கிய ஓசை எழுமாயின், அது படை தாழ்ந்த ஓசையே. பாளம் தடித்திருக்குமிடத்தில் மனித நிறை அடிவரை எட்டுவதில்லை. ஒரு மீற்றருக்குக் கீழ் அதன் தாக்கம் மிகக் குறைவு. ஆயினும் பாறையருகே பாளம் மெலிந்திருக்கும். ஒன்பதுபேர் தடிப்பான இடத்திற் சென்றபின் பத்தாமவன் மெலிந்த இடத்தில் மிதிப்பானாயின் சரிவு முழுவதும் விடுபடலாம். முன்சென்றோர் தடங்களைப் பாதுகாப்பின் சான்றாகக் கொள்ளுதல் இதனால் ஏலாது.

இனிச் சாய்வு. 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் பாளச் சரிவு தொடங்குதல் அரிது. 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வே அதன் பிறப்பிடம். அதற்குள்ளும் 38 பாகையை அடுத்த சாய்வுகளில் மிகப்பல நிகழ்கின்றன. மிகச் செங்குத்தான இடங்களிற் பனி அவ்வப்போது சிறிதுசிறிதாக வழிந்துவிடுதலாற் பெரும்பாளம் உருவாவது குறைவு. இயற்கையின் முரண் என்னவெனின், தேர்ந்த சறுக்காளர்க்குப் பெருமகிழ்ச்சி தரும் சாய்வும் இதே எல்லைக்குள் அமைந்ததுதான். எனினும் இங்கே ஓர் ஆறுதல் உண்டு. பனியின் உள்ளமைப்பை ஊகிக்கத்தான் முடியும். சாய்வையோ சிறு சாய்வுமானி ஒன்றால் அளந்துவிடலாம். அது காலையிலும் மாலையிலும் ஒன்றே. நேற்றும் இன்றும் ஒன்றே. நிற்குமிடத்தின் சாய்வை மட்டும் அளந்து அமைதியுறுதலும் போதாது. மேலே தொங்கும் சரிவு கீழேயுள்ள சமநிலத்தையும் மூடவல்லது.

காற்று மற்றொரு சிற்பி. வானம் பொழியாத நாளிலும் அது காற்றெதிர்ப் பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் ஏற்றும். வானம் ஒரு நாளிற் பொழிவதைக் காற்றுச் சில மணி நேரத்திற் குவித்துவிடும். முகட்டில் தொங்கும் பனியிறவாரம் எத்திசை நோக்கியிருக்கின்றதோ அத்திசையிற் பாளம் ஏறியிருக்கின்றது என்று கொள்ளலாம். வடகோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுகளில் வெயில் படாமையால் நலிந்த படை நெடுநாள் நீடிக்கும். இளவேனிலிலோ தெற்கு நோக்கியவை நண்பகலில் நனைந்து இழிகின்றன. அதனால் அக்காலத்தில் விடியுமுன் ஏறி முற்பகலில் இறங்குவர்.

இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தாராய்தல் அரிதாகலின், மலைநாடுகளில் நாள்தோறும் இடர்நிலை அறிக்கை வெளியிடப்படுகின்றது. சுவிற்சர்லாந்தில் அப்பணியை 1945இல் டாவோஸ் நிறுவனம் படையினரிடமிருந்து ஏற்றது. 1950–51 மாரியில் அந்நாட்டிற் பனிச்சரிவால் 98 பேர் இறந்தனர். ஊர்களைக் காக்கும் தடுப்பு வேலிகள் அதன்பின்னரே மலைகளிற் பெருகின. 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஐந்து படிகளைக் கொண்ட பொது அளவையொன்றை ஏற்றுக்கொண்டன. இவ்வளவையிற் பலரை ஏமாற்றுவது மூன்றாம் படி. ஐந்தில் மூன்று நடுவில் நிற்றலால் அதனை 'நடுத்தரம்' என்று கருதிவிடுவர். படிகளோ சமதூரத்தில் வைக்கப்பட்டவையல்ல. ஒவ்வொரு படிக்கும் இடர் பன்மடங்காகின்றது. நான்காம் படியில் மக்கள் வீட்டிலிருந்துவிடுகின்றனர். மூன்றாம் படியிலேயே சறுக்காளர் மிகப்பலர் இறக்கின்றனர்.

அறிக்கை ஒரு பெருநிலப் பரப்பைப் பற்றியது. தனியொரு சரிவைப் பற்றியதன்று. ஆதலாற் களத்திற் சோதனை செய்வாரும் உளர். பனியிற் குழிதோண்டி அதன் சுவரிற் படைகளை விரலாலும் கத்தியாலும் அழுத்திப் பார்ப்பர். 30 சதமமீற்றர் சதுரமான தூணொன்றைப் பிரித்தெடுத்து, அதன் தலையிற் சவளின் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்துமுறையும், முழங்கையை அசைத்துப் பத்துமுறையும், தோளிலிருந்து பத்துமுறையும் தட்டி, எத்தட்டில் எப்படை முறிகின்றது என நோக்குவர். சுவிற்சர்லாந்தில் வளர்ந்த பிறிதொரு சோதனையில், 2 மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் நீளமும் உள்ள பனித்துண்டத்தின்மேல் சறுக்காளன் ஒருவனே ஏறி, முழங்காலை மடக்கி அழுத்தி, பின்னர்க் குதிப்பான். 2006இல் சிமென்ஹொய்ஸ், பேர்க்லன்ட் என்போர் 90 சதமமீற்றர் அகலமுள்ள தூணை ஓர் ஓரத்தில் மட்டும் தட்டும் முறையை வகுத்தனர். முறிவு தொடங்குகின்றதா என்பதோடு அமையாது, மறு ஓரம்வரை ஓடுகின்றதா என்பதையும் அது காட்டும். முன்னையவற்றிலும் இது பயன்மிக்கது எனலாம், என்னை? உயிரைக் கொள்வது முறிவின் தொடக்கமன்று, அதன் ஓட்டமே.

ஆயின் இச்சோதனைகளின் விடையை எங்ஙனம் கொள்ளுதல் வேண்டும் என்பதிலேதான் முழு மதிப்பீடும் தங்கியுள்ளது. ஒரு சரிவின் பனி எங்கும் ஒருபடித்தானதன்று. குழி தோண்டிய இடத்திற் படை உறுதியாயிருக்க, இருபது மீற்றர் அப்பால் அது நலிந்திருத்தல் கூடும். எனவே சோதனையிற் படை எளிதில் முறிந்ததாயின் அது கொள்ளத்தக்க சான்று, அங்கிருந்து திரும்பிவிடலாம். முறியவில்லையாயின் அஃது அவ்வொரு குழியைப்பற்றிய செய்தியன்றி வேறன்று. தீமைக்குச் சான்றாக வல்லது நன்மைக்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை உணராது, தாம் ஏற விரும்பிய சரிவுக்கு இசைவுச் சீட்டுப் பெறுதற்பொருட்டே குழி தோண்டுவாரின், தோண்டாதிருப்பாரே ஒருவாற்றான் நன்று; அவர்க்கு அச்சமாவது எஞ்சியிருக்கும்.

குழியினும் தெளிவாகப் பேசும் அறிகுறிகள் சில வெளியிலேயே கிடைக்கின்றன. அண்மையில் அதே திசைநோக்கிய சரிவுகளில் வீழ்ந்த பனி, காலடியில் எழும் ஓசை, பலகையினின்று ஓடும் வெடிப்பு, சென்ற இரு நாட்களில் மிகுதியாக வீழ்ந்த பனி அல்லது மழை, பலத்த காற்று, திடீர் வெம்மை ஆகியன அவை. இவற்றைக் காண்பதற்குக் கருவி வேண்டுவதில்லை.

கருவி வேண்டாத இவ்வறிகுறிகளைக் கண்டும் மக்கள் ஏன் செல்கின்றனர்? அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்காமன் 1972 முதல் 2003 வரை அந்நாட்டில் நிகழ்ந்த 715 விபத்துக்களை இந்நோக்கில் ஆராய்ந்தார். பழகிய இடம் என்னும் துணிவு, தொடங்கியதை முடிக்கவேண்டும் என்னும் பிடிவாதம், குழுவில் வல்லவர் ஒருவர் இருக்கின்றார் என்னும் நம்பிக்கை, தொடாத பனியைப் பிறர் முந்திக்கொள்வர் என்னும் அவா முதலியன தீர்ப்பைத் திரித்தன என அவர் காட்டினார். பயிற்சி மிக்கோரும் பழகிய நிலத்திற் பயிற்சியற்றோர் போலவே இடரை ஏற்றனர் என்பது அவர் முடிபுகளுள் ஒன்று. இதற்குக் காரணம் மலை கற்பிக்கும் முறையே. தவறான தீர்ப்புடன் சரிவில் இறங்குபவன் பெரும்பாலும் தீங்கின்றிக் கீழே வந்துவிடுகின்றான். வந்தவன் தன் தீர்ப்புச் சரியென்றே கற்றுக்கொள்கின்றான். தேர்வுத்தாளைத் திருத்தாமல் மாணாக்கனை வகுப்பேற்றும் ஆசிரியரை ஒத்தது அது.

2012ஆம் ஆண்டு பெப்புருவரி 19ஆம் நாள் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து ஸ்டீவன்ஸ் கணவாயையடுத்த டனல் கிறீக் என்னுமிடத்தில் நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. அவ்விடத்தை நன்கறிந்தவரும் தொழில்முறைச் சறுக்காளரும் அடங்கிய 16 பேர் கொண்ட குழு அது. புதுப்பனி மிகுதியாக வீழ்ந்திருந்தது, இடரறிக்கையும் எச்சரித்திருந்தது. உள்ளத்தில் ஐயமுற்றோர் சிலர் இருந்தனர். எனினும் இத்தனை வல்லுநர் நடுவே அதனை வாய்விட்டுரைக்க ஒருவரும் துணியவில்லை. சரிவு விடுபட்டு மூவர் இறந்தனர். உடன் அடித்துச் செல்லப்பட்ட ஒருவர் முதுகுப்பையிலிருந்து விரியும் காற்றுப்பையின் துணையால் உயிர்தப்பினார். பதினறுவருள் அறிவிலார் எவருமிலர். அறிவைச் சொல்லாக்கும் ஏற்பாடே இல்லை.

சுவிற்சர்லாந்து மலைவழிகாட்டி வேர்னர் முன்டர் வகுத்த எளிய விதியின் சிறப்பு இங்கே புலனாகும். அவர் பனிக்குழியினும் சாய்வையும் அறிக்கையையுமே பெரிதும் நம்பினார். இடர் இரண்டாம் படியாயின் 40 பாகைக்கும், மூன்றாம் படியாயின் 35 பாகைக்கும், நான்காம் படியாயின் 30 பாகைக்கும் குறைந்த சாய்வோடு அமைக, ஐந்தாயின் செல்லற்க. இதனை மிக எளியதென்று எள்ளினாரும் உண்டு. ஆயின் களைப்பும் குளிரும் ஆர்வமும் கூடிய மலைமுகட்டில் மனிதன் கையாளக்கூடியது எளிய விதியே. வீட்டில் வரைபடத்தை விரித்து, இன்ன சாய்வுக்கு மேல் இன்று செல்வதில்லை என எழுதிவைத்துச் செல்வார்க்கு முகட்டில் வாதிட வேண்டியது அதிகமில்லை. குழுவில் எவரொருவர் மறுப்பினும் அனைவரும் திரும்புவது என முன்கூட்டியே உடன்பட்டுச் செல்வாரும் உளர்.

தீர்ப்புப் பிழைத்தவிடத்து எஞ்சுவது காலம். சுவிற்சர்லாந்தில் 1981 முதல் 1991 வரை பனியிற் புதையுண்ட 422 பேரின் செய்திகளை ஆராய்ந்து 1994இல் வெளிவந்த கட்டுரையின்படி, 15 நிமிடத்துள் மீட்கப்பட்டோரில் நூற்றுக்கு 92 பேர் பிழைத்தனர். 35 நிமிடத்தில் அது 30 ஆகக் குறைந்தது. 2024இல் வெளியான விரிந்த ஆய்வு அம்முதற் காலவெல்லையை 15 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகச் சுருக்கிவிட்டது. பெரும்பாலோர் இறப்பது குளிராலன்று, மூச்சடைப்பால். ஊரிலிருந்து மீட்புக்குழு வருதற்குள் இக்காலம் கடந்துவிடுமாதலால், மீட்பவர் உடன்சென்ற நண்பரே. அதனாலேயே சரிவை ஒருவர்பின் ஒருவராகக் கடந்து ஏனையோர் ஒதுங்கி நிற்பர். ஒவ்வொருவரும் 457 கிலோஹேட்ஸ் அலையில் இயங்கும் சைகைக் கருவியும் துழாவுகோலும் சவளும் தாங்கிச் செல்வர். கருவி ஓரிரு நிமிடத்தில் இடத்தைக் காட்டலாம். கோல் ஆழத்தைச் சொல்லலாம். நின்றுவிட்ட சரிபனியோ உடனே சீமெந்துபோல் இறுகிவிடுகின்றது. ஒரு மீற்றர் ஆழத்திற் கிடப்பவனின் முகத்தை அடைவதற்கு ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பனியைச் சவளால் அகற்றவேண்டியிருக்கும். பத்து நிமிடத்தின் பெரும்பகுதி அதிலேதான் கழிகின்றது.